விட்ட கம்பத்துக்குத் திரும்பி ஏறுகிறவர்

பனிச்சறுக்குப் பந்தயத்தில் மலைச்சரிவு நெடுகச் சிவப்பும் நீலமுமாகக் கம்பங்கள் நட்டிருப்பார்கள். ஒவ்வொன்றையும் சுற்றிக்கொண்டுதான் கீழே வர வேண்டும். வேகத்தில் ஒன்றைத் தவறவிட்டால் பாதையை விட்டு ஒதுங்கி, கையைத் தூக்கிக் காட்டிவிட்டு, சும்மா இறங்கி வந்துவிடலாம். ஆட்டம் அதோடு முடிந்தது. அப்படி விட மனமில்லை என்றால், எங்கள் குழுவின் பழைய விதிப்படி இன்னொரு வழி உண்டு. கால்களில் மாட்டிய பலகைகளோடு பக்கவாட்டில் அடி அடியாக மேலே ஏறிப் போய், விட்ட கம்பத்தைச் சுற்றிவிட்டு மறுபடி இறங்கலாம். கடிகாரம் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். அப்படி ஏறிப் போய் ஒருவரும் ஜெயித்ததில்லை என்பதால் ஒருவரும் ஏறுவதுமில்லை.

அக்கா ஏறுவார்.

அவர் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் அவருக்குப் பிடிக்காது. பிடிக்கவில்லை என்று சொல்வதற்காக எங்கிருந்தாலும் கிளம்பி வந்துவிடுவார்.

மேலே, பந்தயம் தொடங்கும் கொட்டகையில் பீட்டர் நிற்பார். ஓய்வுபெற்ற எலக்ட்ரீஷியன், எழுபதை நெருங்கியவர். முன்னால் போனவர் பாதையைக் காலி செய்த பிறகு அடுத்தவரை அனுப்புவது அவர் வேலை. அக்கா சரிவின் பாதியில் நின்று மேலே திரும்பிப் பார்த்துவிட்டால் போதும், பீட்டர் ஒரு பெருமூச்சு விடுவார். "ஏறுகிறாள்" என்பார். குளிருக்குப் போட்டிருந்த கனத்த மேல்சட்டைகளைக் கழற்றிவிட்டு மெல்லிய பந்தய உடையில் வரிசையாக நிற்கும் நாங்கள் எல்லோரும் பேசாமல் சட்டைகளை மறுபடி எடுத்து மாட்டிக்கொள்வோம். கீழே ஒரு சின்ன உருவம் நண்டுபோலப் பக்கவாட்டில் ஏறிக்கொண்டிருக்கும். ஒருமுறை விழுந்ததில் உதடு கிழிந்து ரத்தம் வந்துகொண்டிருந்தது. அன்றைக்கும் ஏறினார்.

நான் அவரை முதலில் பார்த்தது பனியில் அல்ல, புல்லில். சிட்னியின் குவேக்கர்ஸ் ஹில்லில் ஒரு விளையாட்டுத் திடல், அதன் ஓரத்தில் ஒரு புல்மேடு. குளிர்காலம் வர இன்னும் மாதங்கள் இருக்கும்போதே அங்கே செவ்வாய் மாலையிலும் சனிக்கிழமைக் காலையிலும் உடற்பயிற்சி தொடங்கிவிடும். எல்லோரும் வேலைக்குப் போகிறவர்கள், பெரும்பாலும் நடுவயதைத் தாண்டியவர்கள். தொடையில் வலுவில்லாமல் பனியில் இறங்கினால் முழங்கால்தான் முதலில் போகும் என்பது எல்லோருக்கும் தெரியும். அலுவலகத் தோழர் ஒருவர் விளையாட்டாக இழுத்துவந்து சேர்த்துவிட்ட ஆள் நான். முதல் நாள் மேட்டில் ஏறி ஏறி ஓடவிட்டார்கள். மூச்சு வாங்கிக் குனிந்து நின்றபோது, "ஐயோ அம்மா, செத்தேன்" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன்.

பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்த பெண்மணி நின்றார்.

"தமிழோ?"

"ஆமாங்க."

"எவடம்?"

"மதுரைப் பக்கம், திருமங்கலம்."

"அங்க பனி கொட்டுமோ?"

"மழையே கொட்டாதுங்க."

அவர் சிரிக்கவில்லை. கண்ணில் மட்டும் ஏதோ லேசாக அசைந்தது. "ஓடும். நிண்டா கால் இறுகிப்போகும்" என்றார். எங்கள் பக்கத்தில் 'நீர்', 'ஓடும்' என்றெல்லாம் சரித்திர நாடகத்தில்தான் பேசுவார்கள். யாழ்ப்பாணத்தில் அது மரியாதையும் உரிமையும் கலந்து, வயதில் இளையவரைக் கூப்பிடும் விதம் என்று பிறகுதான் தெரிந்தது. அவர் கடைசிவரை என்னை 'நீர்' என்றே கூப்பிட்டார். நான் 'அக்கா' என்றேன்.

சின்ன வயதில் அவர் குடும்பம் யாழ்ப்பாணத்திலிருந்து சுவிஸுக்கு அகதியாகப் போயிருக்கிறது. அங்கே பள்ளிக்கூடத்திலேயே பிள்ளைகளை மலைக்குக் கூட்டிப் போய்ப் பனிச்சறுக்குப் பழக்கிவிடுவார்களாம். பிறகு கல்யாணமாகி சிட்னிக்கு வந்தார். கணவர் இறந்து பல வருடங்கள் ஆகிவிட்டன என்று டெப் சொல்லியிருந்தாள். டெப் எங்கள் குழுவில் பஸ் ஓட்டுநர். உரத்த குரல், பெரிய தோள், அக்காவுக்கு மிக நெருங்கிய தோழி. அக்காவுக்கு ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும் வேலை. ஹெலன்ஸ்பர்க் கோவிலுக்குப் போய்விட்டு நேராகத் திடலுக்கு வரும் நாட்களில் நெற்றியில் திருநீறு இருக்கும். பயிற்சி முடியும்போது அது வியர்வையில் கரைந்து புருவத்தில் வெள்ளைக் கோடாக நிற்கும்.

பயிற்சியில் அவர்தான் எனக்கு ஜோடி. இடுப்பில் தடித்த ரப்பர் பட்டையைக் கட்டிக்கொண்டு ஒருவர் சரிவில் முன்னால் சாய்ந்து ஓட, இன்னொருவர் பின்னால் நின்று இழுத்துப் பிடிக்க வேண்டும். பிடிக்கிறவர் கொஞ்சம் அசந்தால் ஓடுகிறவர் குப்புற விழுவார். அக்கா பிடித்தால் விழவே மாட்டோம் என்று குழுவில் எல்லோருக்கும் ஒரு நம்பிக்கை. ஆனால் அவரோடு ஜோடி சேர யாரும் முந்துவதில்லை, ஏனென்றால் ஒன்று சரியாக வரவில்லை என்றால் அவர் விடமாட்டார். கயிற்றுக்கு மேல் பக்கவாட்டில் தாவும்போது கால் கயிற்றில் உரசிவிட்டால், மற்றவர்கள் எல்லோரும் தண்ணீர் குடிக்கப் போன பிறகும், "நில்லும், ஒருக்காப் போட்டு வாறன்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போய் முதலிலிருந்து தாவுவார். நான் போத்தலைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருப்பேன்.

என்னுடைய முதல் பந்தயம் ஆடி மாதக் குளிரில் நடந்தது. ஊரில் அம்மனுக்குக் கூழ் ஊற்றிக்கொண்டிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டே பயத்தில் இறங்கினேன். பாதி வழியில் ஒரு நீலக் கம்பத்தைத் தவறவிட்டேன். நின்றேன். அக்கா அதற்கு நேராகப் பாதையோரத்தில் நின்றுகொண்டிருந்தார். ஏறச் சொல்வார் என்றுதான் எதிர்பார்த்தேன். அவர் ஒரு வார்த்தை சொன்னால் ஏறுவதற்கும் தயாராக இருந்தேன். என்னைப் பார்த்தார். சட்டென்று முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டார். நான் கையைத் தூக்கிவிட்டு இறங்கி வந்தேன்.

சாயங்காலம் கேட்டேன். "ஏறச் சொல்லுவீங்கன்னு நினைச்சேன்க்கா."

"ஆரையும் நான் ஏறச் சொல்லமாட்டன்" என்றார். அதற்கு மேல் பேச்சை வளர்க்கவிடவில்லை.

அவருடைய இந்தக் குணம் பனியோடு நிற்கவில்லை. ஒருமுறை அவர் காரில் டெப்பும் நானும் மலைக்குப் போய்க்கொண்டிருந்தோம். சிட்னியிலிருந்து நெடுந்தூரம். வழியில் கூமா என்ற சின்ன ஊரில் காப்பிக்காக நிறுத்தினோம். கடைப்பெண் மாற்றிக் கொடுத்துவிட்டாள். அக்கா களைப்பில் கொஞ்சம் கடுமையாக ஏதோ சொல்லிவிட்டார். அந்தப் பெண் மன்னிப்புக் கேட்டு வேறு போட்டுத் தந்தாள். அவ்வளவுதான். நாங்கள் மலையடிவார ஊரான ஜிண்டபைனை நெருங்கிக்கொண்டிருந்தோம். கார் மெதுவாகி ஓரமாக நின்றது.

"என்னக்கா?"

"அந்தப் பிள்ளையோட நான் கதைச்ச விதம் சரியில்ல. ஒருக்காத் திரும்பிப் போட்டு வருவமே?"

டெப்புக்கு முகம் சிவந்துவிட்டது. அவளுடைய பலகைகளின் விளிம்பு மழுங்கியிருந்தது. ஜிண்டபைனில் ஒரு கடைக்காரர் அன்று மாலைக்குள் கொண்டுவந்தால் தீட்டித் தருவதாகச் சொல்லியிருந்தார். திரும்பிப் போனால் கடை மூடிவிடும். அதைச் சொன்னாள். அக்கா ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். "எனக்கு இப்பிடியே கார் ஓட ஏலாது" என்று ஆங்கிலத்தில் அவளிடமும் தமிழில் என்னிடமும் சொன்னார். கடைசியில் டெப்பே கையை உதறி, "சரி, திருப்பு" என்றாள்.

கூமாவில் அந்தப் பெண்ணுக்கு அக்காவை நினைவேயில்லை. "பரவாயில்லை, பரவாயில்லை" என்று சிரித்துவிட்டு அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விட்டாள். அக்கா காருக்கு வந்து வெகுநேரம் சாவியைத் திருகாமல் இருந்தார்.

"அவ மறந்து போனா."

"அப்ப நல்லதுதானேக்கா?"

"எனக்கு அது நல்லமில்லையே."

மறுநாள் பனி கண்ணாடிபோல இறுகிக் கிடந்தது. டெப் மழுங்கிய விளிம்போடு இறங்கி, வளைவில் பிடிமானம் இல்லாமல் பாதையோரப் பாதுகாப்பு வலைக்குள் போய் விழுந்தாள். அடியில்லை. வலையிலிருந்து அவளைப் பிரித்தெடுத்ததும் அக்காதான். "உன்னை நான் ஒருநாள் கொல்லப் போறேன்" என்று டெப் அவர் தோளில் கைபோட்டுக்கொண்டு நொண்டி வந்தாள். அவர்களுடைய நட்பு அப்படிப்பட்டது.

இதற்கெல்லாம் பிறகுதான் என்னைக் கம்பெனி ஒரு வாரத்துக்கு மெல்பர்ன் அனுப்பியது. பயிற்சி முடிந்து பட்டைகளைச் சுருட்டும்போது சொன்னேன். அக்கா கையிலிருந்த பட்டையைக் கீழே வைத்தார்.

"ஸ்பிரிங்வேல் பக்கம் போவீரோ?"

"போகணும்னா போறேன்க்கா. என்ன விஷயம்?"

"அங்க ஒரு மருந்துக்கடையில என்ர மகள் வேலை செய்யிறாள். சும்மா ஒருக்காப் பாத்திட்டு வாரும். சுகமா இருக்கிறாளோ எண்டு."

அவருக்கு மகள் இருப்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

ஸ்பிரிங்வேல் கடைத்தெருவில் வியட்நாமியக் காய்கறிக் கடைகளுக்கு நடுவே இருந்தது அந்த மருந்துக்கடை. கேட்டதும் உள்ளேயிருந்து ஒரு பெண் வந்தாள். இருபத்தைந்து வயதிருக்கும். பின்னால் இருந்த மூன்று நான்கு படிகளை அவள் நேராக இறங்கவில்லை. கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, உடம்பைப் பக்கவாட்டில் திருப்பி, ஒவ்வொரு காலாக வைத்து இறங்கினாள். அக்கா மலை ஏறுவதுபோலவே இருந்தது அது.

"அம்மா அனுப்பினவவோ?" என்றாள். நான் யாரென்று இன்னும் சொல்லியிருக்கவில்லை.

"ஆமா. நீங்க நல்லா இருக்கீங்களான்னு பாத்துட்டு வரச் சொன்னாங்க."

"அப்பிடியே சொன்னவவோ?"

"அப்படியேதான்."

அவள் என்னைக் கூர்ந்து பார்த்தாள். பிறகு உள்ளே யாரிடமோ சொல்லிவிட்டு வந்தாள். எதிர்க்கடையில் கரும்புச்சாறு வாங்கிக்கொண்டு வெளியே இருந்த பெஞ்சில் உட்கார்ந்தோம்.

"என்னட்ட அவ ஒருநாளும் அதைக் கேட்டதில்ல" என்றாள். "மாசாமாசம் வருவா. சிட்னியில இருந்து. கடைக்குள்ள வந்து நிண்டு சொறி சொல்லுவா. ஒவ்வொருமுறையும் அதே சொறி."

"எதுக்கு மன்னிப்பு?"

"உங்களுக்குச் சொல்லேல்லையா?"

சொல்லவில்லை என்றேன். அவள் குவளையைக் கீழே வைத்தாள்.

"நானும் ரேஸ் ஓடினனான், ஜூனியர்ஸில. பதினஞ்சு வயசு. ஒரு நாள் விழுந்திட்டன். ஒரு கம்பத்தையும் மிஸ் பண்ணிட்டன். முழங்காலுக்குள்ள டக் எண்டு ஏதோ கேட்டது. கையைத் தூக்கப் பாத்தனான். அம்மா கரையில நிண்டு 'ஏறு, ஏறு' எண்டு கத்தினா. அம்மா சொன்னாச் சரியாத்தான் இருக்கும் எண்டு நினைச்சன். ஏறினனான். ரேஸை முடிச்சும் போட்டன். எல்லாரும் கை தட்டினவை."

சாலையில் ஒரு லாரி பின்னோக்கி வரும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அது நின்றதும் தொடர்ந்தாள்.

"பிறகு ரெண்டு ஒப்பரேஷன். ஏறாமல் இருந்திருந்தா இவ்வளவு போயிருக்காது எண்டு டொக்டர் சொன்னவர். அம்மாவுக்கு முன்னாலதான் சொன்னவர்."

என் முதல் பந்தயத்தில் அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டது எனக்கு அப்போதுதான் புரிந்தது.

"அதனால அம்மா மேல கோபமா?"

"இல்லை அண்ணா. அதுதான் ஒருத்தருக்கும் விளங்கேல்ல. முதல் தரம் சொறி சொன்ன அண்டைக்கே நான் ஓகே எண்டு சொல்லிட்டன். உண்மையாத்தான் சொன்னனான். அவவுக்கு அது காணாது. திரும்பத் திரும்ப வாறா. ஒவ்வொருமுறை அவ வரேக்கையும் நான் அந்த மலையில நிக்கிறன். எனக்குப் பதினஞ்சு வயசு, கால் நோகுது, அவ கத்துறா. எனக்கு இப்ப இஞ்ச வேலை இருக்கு, ஃப்ரெண்ட்ஸ் இருக்கினம், ஒரு பூனை இருக்கு. அதுகளைப் பற்றி ஒண்டும் அவவுக்குத் தெரியாது. அவ எனக்காக வாறேல்ல. தான் விட்ட பிழைக்காக வாறா."

கிளம்பும்போது சொன்னாள்: "வரவேண்டாம் எண்டு நான் சொல்லேல்ல. அதைச் சொல்லுறதுக்கு வரவேண்டாம் எண்டு மட்டும் சொல்லுங்கோ."

சிட்னிக்குத் திரும்பும் விமானத்தில் இதை எப்படிச் சொல்வது என்று யோசித்து யோசித்து எந்த வழியும் தோன்றவில்லை. செவ்வாய்க்கிழமை திடலில், மற்றவர்கள் போன பிறகு, நடந்ததை நடந்தபடியே சொன்னேன். ஒரு வார்த்தையையும் மாற்றவில்லை. அக்கா மேட்டின் அடியில் கால்களை நீட்டி உட்கார்ந்து கேட்டார்.

"நான் கத்தினதையும் சொன்னவளோ?"

"ஆமாக்கா."

"எக்ஸ்ரே எடுக்கிறது என்ர வேலை, தம்பி. ஆக்களின்ர உள்ளுக்கு என்ன முறிஞ்சிருக்கு எண்டு பாக்கிறது. என்ர பிள்ளை என்ர கண்ணுக்கு முன்னால விழுந்து கிடக்கிறாள், நான் கடிகாரத்தைப் பாத்துக்கொண்டு நிண்டனான்."

நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"அதைச் சொல்லாமப் போய் நான் வேற என்னத்தைக் கதைக்கிறது? எனக்கு வேற கதை இல்லையே" என்றார். அது கேள்வியாகத்தான் வந்தது. உண்மையாகவே தெரியாமல்தான் கேட்டார்.

அதன் பிறகு அவர் மெல்பர்ன் போகவில்லை. மாதங்கள் போயின. பயிற்சிக்கு மட்டும் தவறாமல் வந்தார். பட்டையை முன்புபோலவே உறுதியாகப் பிடித்தார். பேச்சு குறைந்துவிட்டது. டெப் அவரைத் தன்னோடு கூட்டிப் போய்ச் சாப்பிட வைப்பாள். என்ன நடந்தது என்று டெப் என்னிடம் கேட்கவேயில்லை. அவளுக்கு எல்லாம் முன்பே தெரிந்திருக்க வேண்டும். அந்த ஜூனியர் பந்தயம் நடந்தபோதும் அவள் குழுவில் இருந்தவள்தானே.

அந்த வருடக் குளிர்காலத்தின் கடைசிப் பந்தயம் வந்தது. வெயில் ஏறி, பனி மேலே இளகியிருந்தது. அக்கா நன்றாகத்தான் தொடங்கினார். நடுவில் ஒரு வளைவில் வெளிப்பலகை இளகிய பனியில் புதைந்து கால் முறுகியது. விழவில்லை. ஆனால் ஒரு சிவப்புக் கம்பம் விடுபட்டுவிட்டது. நின்றார். மேலே திரும்பிப் பார்த்தார்.

பீட்டர் வழக்கம்போலப் பெருமூச்சு விட்டார். நாங்கள் சட்டைகளை எடுத்தோம்.

அக்கா பார்த்துக்கொண்டே நின்றார். ஒரு கால் மேட்டுப்பக்கம் வைப்பதுபோல அசைந்தது. பிறகு நின்றது. அதைவிட மோசமாக அடிபட்ட நாளிலெல்லாம் ஏறியவர். மெதுவாகப் பலகைகளைத் திருப்பினார். பாதையை விட்டு வெளியே சறுக்கிப் போய், கையைத் தூக்கினார்.

பீட்டர் எங்களைப் பார்த்தார். எடுத்த சட்டைகளைத் திரும்ப வைத்தோம். அடுத்தது என் முறை. எப்படி இறங்கினேன் என்று எனக்கு நினைவில்லை. கீழே போனபோது டெப் அவர் பக்கத்தில் பனியில் உட்கார்ந்து அவருடைய காலணிகளின் கொக்கிகளை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டிருந்தாள். ஒரு குழந்தைக்குச் செய்வதுபோலச் செய்தாள். அக்காவின் கண்கள் கலங்கியிருந்தன. முழங்கால் வலியாலா என்று கேட்டேன்.

"விட்டிட்டன், தம்பி" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

அன்று மாலை நாங்கள் தங்கியிருந்த விடுதியில் பீட்டர் சூப் வைத்தார். டெப் ஒரு துணியில் பனியை அள்ளிக் கட்டி அவர் முழங்காலில் வைத்தாள். உருகினதும் வெளியே போய் வேறு அள்ளிக்கொண்டு வந்தாள். வேறு யாரையும் அந்த வேலையைச் செய்யவிடவில்லை.

முழங்கால் வலி போகவில்லை. எலும்பில் ஒன்றுமில்லை என்று அவருடைய ஆஸ்பத்திரியிலேயே படம் எடுத்துப் பார்த்துவிட்டார்கள். தசைநார் இழுபட்டிருக்கிறது, ஆறும் என்றார்கள். சிட்னி முழுக்க மருந்துக்கடைகள் இருக்கின்றன. அக்கா மெல்பர்னுக்கு விமானம் ஏறினார். திரும்பி வந்து, காரை நிறுத்தும் இடத்தில் வைத்து எனக்குச் சொன்னது இது.

"கடைக்குள்ள ஆக்கள் வரிசையில நிண்டவை. நானும் போய் நிண்டன். என்ர முறை வந்தது. அவள் என்னைக் கண்டிட்டு அப்பிடியே நிண்டிட்டாள். நான் சொறி எண்டு வாயெடுக்கப் போறன் எண்டு நினைச்சிருப்பாள். நான் சொன்னன், முழங்கால் நோகுது பிள்ளை, பூசுறதுக்கு ஏதும் இருக்கோ எண்டு."

"அவங்க என்ன சொன்னாங்க?"

"ஆருக்கு எண்டாள். எனக்கு எண்டன். எங்க நோகுது எண்டாள். தொட்டுக் காட்டினன். உள்பக்கமோ, வெளிப்பக்கமோ? படி ஏறேக்கையோ, இறங்கேக்கையோ? இரவில நித்திரை வருதோ?" அக்கா விரலால் தன் முழங்காலைச் சுற்றிச் சுற்றித் தடவிக்கொண்டிருந்தார். "ஒரு டொக்டர் கூட இப்பிடிக் கேட்டதில்ல, தம்பி. எல்லாம் அவளுக்குத் தெரியும். எந்த நோ எப்பிடி இருக்கும் எண்டு எல்லாம் தெரியும்."

கார்க் கதவைத் திறந்து இருக்கையில் அமர்ந்தார்.

"பின்னால வரிசையில நிண்டவை முணுமுணுத்தவை. அவள் கவனிக்கேல்ல. மேசைக்கு அங்கால இருந்து வெளிய வந்து, என்னைக் கதிரையில இருத்தி, காலை நீட்டச் சொன்னாள். என்ர காலைப் பிடிச்சுப் பாத்தவள். அவளின்ர கை குளிர்ந்துபோய் இருந்தது."

"நீங்க என்ன பேசினீங்க?"

"பூனையின்ர பேர் என்ன எண்டு கேட்டன்" என்றார் அக்கா.

அடுத்த செவ்வாய்க்கிழமை பயிற்சிக்கு வந்ததும் அவர் எங்களை எல்லாம் புல்லில் மல்லாந்து படுக்கச் சொன்னார். பொதுவாக யாரையும் எதுவும் செய்யச் சொல்கிறவர் இல்லை அவர். டெப், பீட்டர், நான், மற்றவர்கள் எல்லோரும் படுத்தோம். ஒரு காலை மடக்கிப் பாதத்தைத் தரையில் ஊன்ற வேண்டும். இன்னொரு காலை நேராக நீட்டி, தொடையை இறுக்கி, தரையிலிருந்து கொஞ்சம் தூக்கிப் பிடிக்க வேண்டும். பார்க்க ஒன்றுமில்லாததுபோல இருந்தது. தூக்கியதும் தொடை நடுங்கத் தொடங்கியது.

"எங்கே கத்துக்கிட்டே இதை?" என்றாள் டெப்.

"மகள் சொல்லித் தந்தவள்" என்றார் அக்கா ஆங்கிலத்தில். அந்தச் சொல்லை அவர் எங்கள் எல்லோர் முன்னாலும் சொன்னது அதுதான் முதல் தடவை. டெப் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். பிறகு வானத்தைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள்.

"எவ்வளவு நேரம் பிடிக்கணும்?" என்று பீட்டர் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார்.

அக்கா யோசித்தார். "அதை நான் கேக்க மறந்துபோனன்" என்றார். "அவளிட்டைத்தான் கேக்கோணும்."

"அப்போ கேளேன்" என்றாள் டெப்.

அக்கா கைபேசியை எடுத்துக்கொண்டு திடலின் வேலிப்பக்கம் நடந்து போனார். லேசாக நொண்டினார். எண்ணை அழுத்திக் காதில் வைத்தார். நாங்கள் கால்களைத் தூக்கியபடி அவரையே பார்த்துக்கொண்டிருந்தோம். முதலில் அவர் அசையாமல் நின்றார். பிறகு தலை ஆடியது. பிறகு வேலியில் ஒரு கையை ஊன்றிச் சாய்ந்துகொண்டார். அவர் பேசியது எதுவும் எங்களுக்குக் கேட்கவில்லை. ஒரு கேள்வி கேட்டுப் பதில் வாங்க அவ்வளவு நேரம் தேவையில்லை என்பது எங்கள் எல்லோருக்கும் தெரிந்தது. தொடைகள் எரிந்தன. பீட்டருக்கு முகமெல்லாம் வியர்த்துவிட்டது.

யாரும் காலைக் கீழே இறக்கவில்லை.